கம்ப்ரஸர் சூடு

உட்காருங்க. இந்தப் பெஞ்சு மூன்று பேருக்குத்தான். நான் ஒருத்தனே ஒன்றரை ஆள். நகர்ந்துகொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே போயிருப்பவன் என் மகன். நான் துணைக்கு வந்தவன். கதவுக்கு மேலே இருக்கிற போர்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்களே, அதனால் சொல்கிறேன். அவனுக்கும் ஒன்றும் இருக்காது. ரத்தம் பார்த்ததாக ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மூன்று பஸ் மாறி வந்திருக்கிறோம். எங்கள் ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனால் பெஞ்சுக்கு ஒரு சொந்தக்காரன் உட்கார்ந்திருப்பான். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

எல்லாம் ஒரு மருமகளால் வந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். வளவளவென்று பேசுவது எனக்குப் பிடிக்காது.

எங்களுக்குத் திருச்செங்கோடு. ஊரைச் சொன்னால் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. ரிக் வண்டி. போர் போடுகிற வண்டி. இந்தியாவில் எந்த மூலையில் பூமியில் ஓட்டை விழுந்தாலும், போட்டவன் எங்கள் பக்கத்து ஆளாக இருப்பான். நான் பதினெட்டு வயதில் வண்டி ஏறினேன். டிரில்லர், மேனேஜர், அப்புறம் சொந்த வண்டி. இப்போது மகன் பூபதி வண்டியோடு போகிறான். புரட்டாசியில் கிளம்பினால் வடக்கே எட்டு, ஒன்பது மாதம். நடுவில் பொங்கலுக்குப் பத்து நாள் வருவான். அங்கே மழை பிடித்ததும் ஆனியில் வண்டியோடு வீடு. மழையில் எவன் போர் போடுவான்? வண்டியை ஷெட்டில் விட்டுப் பிரித்து மாட்டுவோம்.

மருமகள் பெயர் சுகந்தி. குமாரபாளையத்துப் பெண். அப்பன் தறி வைத்திருக்கிறார். பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ரசம் நன்றாக வைப்பாள். பிள்ளை இரண்டு. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். நான்தான் பண்ணச் சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததா இல்லையா, நீங்களே சொல்லுங்க. மூடி போட்ட போர். அதற்கப்புறம் என்ன இருக்கிறது?

வண்டி வந்து பத்து நாள் இருக்கும். எஃப்.சி. எடுக்க ஆர்.சி. புத்தகம் வேண்டும். அது மகன் அறையில், பீரோவில் இருக்கும். அவன் ஷெட்டில் இருந்தான். நானே போய்த் திறந்தேன். புத்தகத்துக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. மாத்திரை என்று நினைத்தேன்.

மாத்திரை இல்லை. நிரோத்.

ஆணுறைக்கு இப்போது வேறு வேறு பெயராம். வாசனையெல்லாம் கூட உண்டாம். எனக்கு அது நிரோத்துதான். எங்கள் காலத்தில் சர்க்கார் ஆட்கள் ரோட்டோரம் ஜீப்பில் வந்து கை நிறையக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் உள்ளே தள்ளி ஒரு முடிச்சுப் போட்டால் எந்த மழைக்கும் நனையாது. அருமையான பொருள். வேறு எதற்கும் நாங்கள் அதைத் தொட்டதில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்?

சரி. பெட்டி பாதி காலி. ஆபரேஷன் பண்ணின வீட்டில் பெட்டி பாதி காலி என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். மகன் எட்டு மாதம் ஊரில் இல்லாதவன். பெட்டியை எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரி பாவாயிடம் காட்டினேன். "உன்ற மருமக ஒழுங்கப் பாரு" என்றேன்.

பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கள்ளத்தனம் பண்றவளுக்கு ஆபரேஷனே போதுமுங்களே. இது எதுக்கு வாங்கறா? இருந்த எடத்துல வச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். நாலு வார்த்தை. அதில் அர்த்தம் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை.

ஷெட்டுக்குப் போனேன். பூபதி வண்டிக்கடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் தெரிந்தது. காலைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"பீரோவுல இருக்கறது யாருதுடா?"

கால் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. அப்புறம், "அது எங்களுக்குள்ளப்பா. விடுங்க."

"எதுக்குடா உனக்கு அது?"

"அவ கேக்கறா. ரத்தம் பாத்துட்டு வா, இல்லீன்னா அதப் போடு, ரெண்டும் இல்லீன்னா பக்கத்துல வராதேங்கறா."

கேட்டீர்களா? கட்டின புருஷனுக்குக் கண்டிஷன். மூன்று கண்டிஷன். வடக்கே வெயிலில் கிடந்து சம்பாதித்துக் கொண்டுவருகிறவனுக்கு வீட்டு வாசலில் செக்போஸ்ட். இதற்கு அவள் வேறொருத்தனோடு போயிருந்தாலே தேவலை. அதற்காவது ஒரு நியாயம் கேட்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியை வரச் சொன்னேன். என்னவென்று சொல்லவில்லை. மனுஷன் மிக்சர் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். உட்கார வைத்து, பெட்டியை எடுத்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். உடனே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் காலண்டரைத்தான் பார்த்தார்.

"சம்பந்தி, இது என்னன்னு உங்க பொண்ணக் கேளுங்க."

"ஏன் கண்ணு," என்றார் காலண்டரிடம், "மாமா என்னமோ கேக்கறாரு பாரு."

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தலையாவது குனிவாள் என்று பார்த்தேன். இல்லை.

"என்ன கேக்கறீங் மாமா?"

"ஆபரேஷன் பண்ணியாச்சு. இது எதுக்கு அம்மணி?"

"ஆபரேஷன் கொழந்தைக்குங் மாமா. இது நோவுக்கு."

"ஆருக்கு நோவு?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் ரத்தம் பாக்கச் சொல்றனுங். பாக்க மாட்டேங்கறாரு. பாக்கற வரைக்கும் இது."

பொங்கலுக்கு அவன் வந்தபோது பேன்ட்டைத் துவைக்க எடுத்திருக்கிறாள். பையில் மூன்று ஊசிச் சீட்டு. இந்திக்கார டாக்டர் எழுதியது. பேசாமல் தண்ணியில் போட்டிருக்கலாம். காயவைத்து, மடித்து, ஊருக்கு வருகிற நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அந்த நர்ஸம்மா எதற்குப் போட்ட ஊசி என்று படித்துச் சொல்லியிருக்கிறாள். சொன்னதோடு நிற்கவில்லை. "ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் சரி, காப்பர்-டி வச்சிருந்தாலும் சரி, மாத்தர தின்னாலும் சரி, கரு நிக்காது, அவ்வளவுதான். கிருமி அதுபாட்டுக்கு வரும். ஆம்பளைக்கு எரிச்சல் கண்டா ஊசி போட்டுக்குவான். பொம்பளைக்குப் பாதிப் பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, உள்ள போயி உக்காந்துக்கும்" என்று வகுப்பு எடுத்திருக்கிறாள். பெட்டியும் அவள் கொடுத்ததுதான்.

இதையெல்லாம் பெற்ற அப்பன் முன்னால், மாமனார் முன்னால், கணீரென்று சொல்கிறாள். பூபதி ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான்.

தொழில் பாஷையில் மடக்கலாம் என்று பார்த்தேன். "மூடி போட்ட போருக்கு எதுக்கு அம்மணி கேசிங் பைப்பு?"

யோசிக்கவே இல்லை. "மூடி போட்டா மேலிருந்து கல்லு உழுகாதுங் மாமா. பக்கத்துல சாக்கட ஓடுச்சுன்னா? கேசிங் எறக்காத போர்ல தண்ணி கெட்டுப்போகாதுங்களா? நீங்கதான எல்லார்த்துக்கும் சொல்லுவீங்க."

சொல்லுவேன். மேல் மண்ணைத் தடுக்கிற கேசிங் குழாயை இறக்காமல் காசை மிச்சம் பிடிக்காதே, சாக்கடை ஊறும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தொழில் ரீதியாக அவள் பேசியதில் தப்பில்லை. ஆனால் சாக்கடை என்று யாரைச் சொல்கிறாள்? அதைக் கவனியுங்க. சம்பந்திக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

அப்போதுதான் நான் விஷயத்தை விளக்கினேன். படித்தவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. கேட்டுக்கொள்ளுங்க.

அது நோவு கிடையாது. கம்ப்ரஸர் சூடு. வண்டியில் குழிக்குள் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் நாளெல்லாம் ஓடும். டிரில்லர் அதன் பக்கத்திலேயே இரும்புத் தகட்டில் நிற்கிறான். சூடு உள்ளங்காலில் ஏறி அடிவயிற்றில் இறங்கும். ஒன்றுக்குப் போனால் எரியும். மிஞ்சிப் போனால் சீழ்கூட வரும். ரிக் வண்டியில் போன எவனை வேண்டுமானாலும் கேளுங்க. இளநீர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கேட்காவிட்டால் அந்த ஊர் டாக்டரிடம் ஊசி. முடிந்தது. வண்டியில் சோறாக்குகிறவனுக்கும் வரும். அவன் கம்ப்ரஸர் பக்கம் போவதில்லைதான். ஆனால் வண்டிக்கடியில்தானே படுக்கிறான்? இரும்பு சூட்டைக் கடத்தும். லீவு விட்டு டவுனுக்குப் போய் வந்த பிறகுதான் நிறையப் பேருக்கு வரும். வெயிலில் அலைகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை.

சம்பந்தி நம்ப வேண்டுமே என்று என்னையே சாட்சி வைத்தேன். "எனக்கும் வந்ததுங் சம்பந்தி. பூபதிக்கு ரெண்டு வயசு. வடக்க ஜால்னாப் பக்கம் வண்டி நின்னுச்சு. நாலு ஊசி. அதோட போச்சு. இன்னைக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்கறன். இதுக்குப் போயி ரத்தம் பாக்கோணுமுங்களா?"

நல்ல சாட்சி. சம்பந்தி முதல் தடவையாகக் காலண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பாவாயி சமையல்கட்டுக் கதவில் வந்து நின்றாள். கையில் காபித் தட்டு. தட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? போகவில்லை.

"ஏனுங்க," என்றாள், "நான் அந்தக் கம்ப்ரஸரக் கிட்ட நின்னு பாத்ததுகூட இல்லீங்களே. எனக்கு எப்படிங்க வந்துச்சு அந்தச் சூடு?"

சுகந்தி போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

எந்தச் சபையில் எதைப் பேசுவது என்று இந்தப் பெண்களுக்குத் தெரிவதில்லை. நீங்களே சொல்லுங்க, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவள் உடம்பு வாகு அப்படி. ஜால்னாவிலிருந்து நான் ஆனியில் வந்தேன். ஆடியில் அவளுக்கு அடிவயிறு வலி, காய்ச்சல், வெள்ளைப்படுதல். ஊரெல்லாம் ஆடிக்காற்று, அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலி போகும், வரும். நான் ஊருக்கு வந்து போனால் வரும். இரண்டாவது பிள்ளை தங்கவே இல்லை. ஏறாத கோயில் இல்லை. எங்கம்மா எனக்கு இன்னொரு பெண் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அவளிடத்தில் குறை இருந்தும் வைத்துக்கொண்டேன். எத்தனை பேர் வைத்துக்கொள்வார்கள்? முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உள்ளே சீழ் கட்டி எல்லாம் ஒட்டிக்கிடந்தது என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர்களுக்கே எப்போதும் அப்படி ஒரு பார்வை.

இத்தனையும் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவள் கேட்கிற கேள்வியைப் பாருங்க.

கோபத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "என்ற பையன் மேல நம்பிக்கை இல்லாதவளுக்கு இந்த வீட்டுல என்ன வேலை" என்று. ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். சுகந்தி உள்ளே போனாள், துணியை எடுத்தாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பனோடு கிளம்பிவிட்டாள். பெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸிடம் திருப்பிக் கொடுப்பாளோ என்னவோ.

மூன்றாம் நாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாவாயி போனாள். மாற்றுப்புடவை ஒன்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் சம்பந்தி ஆள் அனுப்பி இன்னும் நாலு புடவை எடுத்துப்போனார். ஆயிற்று இரண்டு மாதம். அப்பனும் மகனும் மெஸ்ஸில் தின்கிறோம்.

போன் போட்டேன். எடுத்தாள். "எப்ப வர்ற?" என்றேன்.

"அவன் சீட்டோட வரட்டுங்க. நீங்களும் ஒரு சீட்டோட வாங்க. ரெண்டு சீட்டையும் பாத்துட்டு வர்றோம்."

"எனக்கு எதுக்கு சீட்டு? இந்த வயசுல?"

"எனக்குத் தெரியோணுமுங்க" என்றாள். வைத்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் முதலில் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

நான் மசியவில்லை. இன்னும் ஒரு வருஷம் மெஸ்ஸில் தின்றிருப்பேன். வண்டிதான் என்னை மசிய வைத்தது.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. புரட்டாசியில் வண்டி கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வந்து ஆரத்தி எடுத்து, எலுமிச்சம்பழம் வைத்து, முதல் டயர் அதில் ஏற வேண்டும். வேறு யாரும் எடுக்கக்கூடாது. எங்கள் வண்டிக்கு முதல் நாளிலிருந்து பாவாயிதான். வண்டி ஆட்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குப் பிரேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆரத்தி இல்லாமல் ஏறமாட்டார்கள். போன வருஷம் ஒருத்தன் அப்படிக் கிளம்பி, முதல் குழியிலேயே பாறை உடைக்கிற ஹேமரை உள்ளே விட்டுவிட்டு வந்தான். டிரில்லர் வந்து கேட்கிறான், "ஏனுங் மொதலாளி, அம்மா எப்ப வர்றாங்க?" நாளைக்கு என்றேன். தினமும் நாளைக்கு என்றேன். பக்கத்து ஷெட் வண்டியெல்லாம் கிளம்பிவிட்டது. நேற்று இரண்டு பேர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

அதனால் வந்தேன். வேறு காரணம் இல்லை. மகனுக்கு ஒரு சீட்டு. அதைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் போடுவேன். "பாத்துக்குங்க, ஒண்ணுமில்ல" என்பேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வர வேண்டும். என் சீட்டா? அதெல்லாம் சும்மா மிரட்டல். ஒன்றைப் பார்த்தால் போதும், சமாதானம் ஆகிவிடுவாள். எத்தனையோ தடவை ஆகியிருக்கிறாள்.

இதோ வருகிறான்.

என்னடா? சீட்டு எங்கே? ஏன் இப்படி நிற்கிறாய்? சத்தமாகச் சொல். இவர் நம்ம ஆளுதான்.

கேட்டீர்களா அவன் சொன்னதை? இருக்கிறதாம். ரத்தத்தில். சூடு இல்லையாம், அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்களாம். ஊசியிலேயே சரியாகிவிடும், ஆனால் திரும்ப வந்து ரத்தம் பார்க்க வேண்டுமாம். சம்சாரத்தையும் பார்க்க வேண்டும் என்றார்களாம்.

அதுதானே பார்த்தேன்! அவளிடமிருந்துதான் வந்திருக்கிறது. நான் முதலிலேயே சொல்லவில்லையா உங்களிடம்? எட்டு மாதம்...

என்ன? என்னடா சொல்கிறாய்?

அவள் பார்த்துவிட்டாளாம். பத்து நாள் முன்னால் அந்த நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டாளாம். ஒன்றும் இல்லையாம். சுத்தமாம். அதெப்படி, இவனுக்கு இருந்து அவளுக்கு இல்லாமல்...

ஓ. அந்தப் பெட்டி.

உட்காருடா. முதலில் சட்டைக் கையை இறக்கிவிடு. அழாதே. ஆஸ்பத்திரியில் அழுதால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அப்புறம் என்ன? இன்னொரு பேரா? யார் பேர் கொடுக்கச் சொன்னது உன்னை? துணைக்கு வந்தவன் பேரை எவனாவது கொடுப்பானா? அம்மா சொன்னால் நீ கொடுத்துவிடுவாயா? உனக்கு அப்பன் நானா அவளா?

பாருங்க, உள்ளே பேர் எழுதுகிற பெண் வெளியிலேயே வந்துவிட்டாள். என் மருமகள் வயதுகூட இருக்காது. "சென்னியப்பன் ஐயா ஆருங்க?" சென்னியப்பனாம். இந்த வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி. இத்தனை தூரம் வந்தது எதற்கு?

வர்றேன் அம்மணி, வர்றேன். கத்தாதே. முட்டி வலி, மெதுவாகத்தான் எழ முடியும்.

என்ன கேட்கிறாய்? முதலில் எப்போது வந்தது, அப்போது வீட்டுக்காரம்மாவுக்கும் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்றா?

இருந்தது.

உள்ளே வந்து சொல்கிறேன். அந்தக் கதவைச் சாத்தம்மா. இங்கே ஒரு ஆள் வந்ததிலிருந்து வேலை வெட்டி இல்லாமல் என் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.